திருடன் கையில் சாவி: டிம்ப்சனில் சாவி போட்ட கதை

சின்னவன் மறுபடியும் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தான். போன தடவை தொலைத்தபோது, மலிவாகக் கிடைக்கிறதே என்று மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் மாற்றுச் சாவி போட்டேன். அது பூட்டுக்குள் அழகாகப் போகும், திரும்பத்தான் திரும்பாது. கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, சாவியை ஒரு நூல் வெளியே எடுத்து, முருகா என்று சொல்லித் திருப்பினால் சில நேரம் திறக்கும். லண்டன் மழையில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். அதனால் இந்தத் தடவை காசு போனால் போகிறது என்று டிம்ப்சனுக்குப் போனேன். அந்தக் கடைக்கு நான் எழுதும் விமர்சனம்தான் இது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு டிம்ப்சனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூவுக்கு சோல் போடுவது, சாவி வெட்டுவது, வாட்ச் பேட்டரி மாற்றுவது, பெயர் பொறிப்பது, சில இடங்களில் துணி வெளுப்பது, பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது, இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஆள் ஒரு கூண்டுக்குள் நின்று செய்கிற கடை. நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் குடையை நட்டு உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவரும், எதிர்ப்பக்கம் சாவிக் கொத்துகளைத் தோரணமாகத் தொங்கவிட்டிருக்கும் சாவிக்காரரும் ஒரே ஆளாகி, டை கட்டிக்கொண்டு மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அதுதான். 1865-இல் மான்செஸ்டரில் ஷூ கடையாகத் தொடங்கிய குடும்பம். நடுவில் சில வருடம் கைமாறிப் போனதை ஜான் டிம்ப்சன் 1983-இல் திரும்ப வாங்கினார். ரயில் நிலையம், கடைத்தெரு, சூப்பர் மார்க்கெட் கார் பார்க் என்று மூலைக்கு மூலை உண்டு. பின்னால் அவர்கள் வாங்கிப் போட்ட போட்டோ கடைகளையும் லாண்டரிகளையும் சேர்த்தால் 2,000 கடைக்கு மேல்.

நான் போனது கார் பார்க்கில் நிற்கும் பெட்டி மாதிரியான கிளை. உள்ளே இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், ஏப்ரன் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். மார்க்கெட்டில் போட்ட அந்தக் கேடுகெட்ட சாவியை நீட்டி, இதைப்போல இரண்டு வேண்டும் என்றேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பல்லை விரலால் தடவினார், என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இது பிரதியைப் பார்த்து எடுத்த பிரதி, இதை வைத்து நான் இன்னொன்று வெட்டினால் இதில் இருக்கிற தப்பும் சேர்ந்து வரும், பூட்டோடு வந்த சாவி வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். மனைவியிடம் இருந்தது. கேட்ட காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு இரண்டு சாவியை வெட்டித் தந்திருக்கலாம், நானும் போய் இன்னும் ஒரு மாதம் முருகனைக் கூப்பிட்டிருப்பேன். அங்கேயே எனக்குக் கடை பிடித்துவிட்டது.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். பழைய சாவியை மெஷினில் ஒரு பக்கம் பூட்டி, வெட்டாத சாவியை இன்னொரு பக்கம் பூட்டி, அந்தப் பல் கூசுகிற சத்தத்தோடு வெட்டினார். பிசிரைக் கம்பி பிரஷில் தேய்த்துவிட்டு, இரண்டு சாவியையும் முதுகோடு முதுகு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் ஒன்றை மறுபடி மெஷினில் வைத்தார், எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஆபீஸ் ஷூவுக்குக் குதிகால் ரப்பர் மாற்றக் கொடுத்திருந்தேன், அதுவும் அங்கேயே முடிந்தது. போகிற போக்கில் பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டுத் தர முடியுமா என்றேன் (எடை குறைந்திருக்கிறது, வீட்டில் யாரும் நம்பவில்லை). டக்கென்று குத்திக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த மாதிரிச் சின்ன வேலைக்கெல்லாம் அங்கே காசு கிடையாது, விருப்பப்பட்டால் பக்கத்தில் இருக்கிற தர்ம உண்டியலில் எதையாவது போடலாம். ஒரு பவுண்டு போட்டேன்.

ஷூவைப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், இந்த வேலையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. லிவர்பூலில் என்றார். அங்கே பயிற்சி நிலையம் இருக்கிறதா என்றேன். இருக்கிறது, சிறைக்குள் இருக்கிறது என்றார், தலையைத் தூக்காமல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ச் சாவிகளைத் தொட்டுப் பார்த்தது. திருடன் கையில் சாவி கொடுத்த மாதிரி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, நான் அதை வார்த்தைக்கு வார்த்தை செய்திருக்கிறேன், களி தின்றுவிட்டு வந்தவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பிரதி எடுத்து, கூலியும் கொடுத்திருக்கிறேன். அவர் என் கையைக் கவனித்துவிட்டார், என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. "பயப்படாதீர்கள், சாவியைத்தான் பார்த்தேன், விலாசம் கேட்கவில்லை" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் என்ன செய்துவிட்டு உள்ளே போனார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு அடுத்த தடவை கவுன்டரில் நிற்பவரிடம் நீங்கள் உள்ளே இருந்தீர்களா என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். டிம்ப்சனில் சுமார் பத்தில் ஒருவர்தான் சிறையிலிருந்து வந்தவர், மீதி ஒன்பது பேர் உங்களையும் என்னையும் போல விண்ணப்பம் போட்டு வந்தவர்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து டிம்ப்சன் குடும்பத்தைப் பற்றிப் படித்தேன். ஜானும் அவர் மனைவி அலெக்ஸும் தொண்ணூறு பிள்ளைகள் வரை வளர்ப்புப் பிள்ளைகளாக எடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள். அதில் சில பிள்ளைகளின் தாய்மார் சிறையில் இருந்தார்கள், அலெக்ஸ் அந்தக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாயிடம் காட்டப் போவார். அப்படிச் சிறை வாசலைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர் மகன் ஜேம்ஸ். 2002-இல் அவர் வாரிங்டன் பக்கத்தில் தார்ன் கிராஸ் சிறைக்குப் போனபோது, சுற்றிக் காட்ட வந்த ஒரு இளைஞனின் பேச்சும் சுறுசுறுப்பும் பிடித்துப்போய், வெளியே வந்ததும் என்னிடம் வா, வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பையன் வந்தான், நன்றாக வேலை செய்தான், பின்னால் ஒரு கிளையையே நடத்துகிற அளவுக்கு உயர்ந்தான். அதற்கப்புறம் ஜேம்ஸ் ஒவ்வொரு சிறையாகப் போய் ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். 2009 வாக்கில் லிவர்பூல் சிறைக்குள்ளேயே ஒரு பட்டறை. அதே மெஷின், அதே மேஜை, வெளியே இருக்கிற கடை மாதிரியே உள்ளே ஒன்று. திறந்தவெளிச் சிறையில் இருப்பவர்கள் சிலர் தண்டனை முடியும் முன்பே அனுமதிச் சீட்டோடு பகலில் வெளியே வந்து உண்மையான கடையில் வேலை செய்துவிட்டு இரவு சிறைக்குத் திரும்புகிறார்கள். விடுதலையாகிற நாளில் அந்த ஆளுக்கு வேலை புதிதில்லை, நேற்று நின்ற கடையில்தான் இன்றும் நிற்கப் போகிறார். எல்லாரையும் எடுப்பதில்லை, பாலியல் குற்றவாளிகளுக்கு இடமில்லை. தேர்வில் முக்கியமாகப் பார்ப்பது ஆளின் குணத்தைத்தான், தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், சிரித்த முகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்கிற கணக்கு.

எனக்கு இதில் பிடித்தது அவர்களுடைய இரண்டே இரண்டு விதிகள். ஒன்று, பார்க்க ஒழுங்காக இரு. இரண்டு, வாங்குகிற காசைக் கல்லாவில் போடு. மீதியெல்லாம் கடையில் நிற்பவர் இஷ்டம். விலையைக் குறைக்க நினைத்தால் குறைக்கலாம். வாடிக்கையாளர் குறை சொல்லி வந்தால் மேலிடத்தைக் கேட்காமல் 500 பவுண்டு வரை கொடுத்துத் தீர்த்து அனுப்பலாம். நம் அண்ணாச்சி கடைகளில் இருபது வருடம் நின்றவரைக்கூடக் கல்லாப்பெட்டி பக்கம் விடாத முதலாளிகளைப் பார்த்தவன் நான், அதனால் இதை இரண்டு தடவை படித்தேன்.

நேர்முகத் தேர்வுக்குப் போக நல்ல துணி இல்லாமல் தவிக்கிற வேலையில்லாதவர் யாராக இருந்தாலும், அவர் கோட்டை இலவசமாக வெளுத்துத் தருகிறார்கள். இது சிறையிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமான சலுகை கிடையாது. உங்களுக்குத் தெரிந்த பையன் யாராவது வேலை தேடிக்கொண்டிருந்தால் துணி வெளுக்கிற கிளையைப் பார்த்து அனுப்புங்கள்.

இனி என் கதை. நான் ஒரு வேர்ஹவுஸில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், எந்த வேர்ஹவுஸ் என்பது வேண்டாம். 2024-இல் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஐந்தரை மணி ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே வந்து வாசலில் நிற்பான். ஆறு வாரத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரர்களே அவன் அடுக்கிய பேலட் என்றால் யோசிக்காமல் தூக்குவார்கள். ஏழாவது வாரம் குற்றப் பதிவுச் சோதனையின் பேப்பர் வந்தது. விண்ணப்பத்தில் குற்றம் எதற்காவது தண்டனை உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று டிக் அடித்திருந்தான், இருந்திருக்கிறது. குற்றத்துக்காக இல்லை, பொய் சொன்னதற்காக நீக்குகிறோம் என்று எச்.ஆர்., அதாவது ஊழியர்களைக் கவனிக்கிற பிரிவு, எழுதியது. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

கொடுமை என்னவென்றால், இங்கே 1974-இலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்கு அந்தக் குற்றத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் அந்தக் காலத்தை இன்னும் குறைத்தார்கள். ஒரு வருடம் வரையிலான சிறைத் தண்டனை என்றால், தண்டனைக் காலம் முழுவதும் முடிந்தபின் ஒரு வருடம். நான்கு வருடம் வரை என்றால் அதன்பின் நான்கு வருடம். அவனுக்கு இன்னும் நாலு மாதம்தான் பாக்கி இருந்தது. நாலு மாதம் கழித்து விண்ணப்பித்திருந்தால் இல்லை என்று டிக் அடிப்பது சட்டப்படியே சரியான பதிலாக இருந்திருக்கும், எங்கள் இடத்தில் எடுக்கிற அடிப்படைச் சோதனையிலும் ஒன்றும் வந்திருக்காது. ஆனால் அந்த நாலு மாதம் வாடகை யார் கொடுப்பது? அவன் லாக்கரைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்து, உண்மையைச் சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பீர்களா என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார் பார்க் கடைக்காரரிடம் என் ஷூவைத் திரும்ப வாங்க நின்ற நேரத்தில் இதைச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வேலை கஷ்டமில்லை, மறைப்பதுதான் கஷ்டம் என்றார். இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் மறைத்து வேலை செய்திருக்கிறார். யாராவது மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டாலே வயிற்றைக் கலக்கும், சக ஊழியர்கள் போன வருடம் எங்கே இருந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டால்கூட ஒரு கதை தயாராக இருக்க வேண்டும், சொன்ன கதையை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் அந்தப் பயத்திலேயே, யாரும் துரத்தாமல், தானே நின்றுவிட்டாராம். இங்கே அந்தப் பாரம் முதல் நாளே இறங்கிவிட்டது, ஏனென்றால் எடுத்தவர்களே சிறைக்குள் வந்துதான் எடுத்தார்கள். டிம்ப்சன் இவர்களுக்குச் செய்கிற பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன், சம்பளமும் பயிற்சியும் அதற்கு அப்புறம்.

சரி, வேலை கிடைத்துவிட்டது, நிலைக்க வேண்டுமே. வெளியே வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிற பணம் பல வருடமாக 46 பவுண்டாகவே கிடந்தது, 2021-இல்தான் 76 ஆக்கினார்கள். அப்போதுகூட லண்டனில் ஒரு அறைக்கு ஒரு வார வாடகைக்குக் காணாது. வெள்ளிக்கிழமை விடுதலையானால் சாயங்காலத்துக்குள் எல்லா அலுவலகமும் மூடிவிடும், சனி ஞாயிறு தெருதான் என்ற நிலை இருந்து, அதை மாற்றவே 2023-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்தபின் நன்னடத்தை அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும், அவர் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வா என்பார், அது ஷிஃப்டின் நடு நேரம். போகாவிட்டால் மறுபடி உள்ளே போக நேரலாம், போனால் முதலாளி முகம் சுளிப்பார். காலில் டேக் (ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று கண்காணிக்கிற கருவி) கட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்றால் பெரும்பாலும் இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும். நம் தமிழ்க் கடைகளில் ஏழு மணிக்குத்தான் வியாபாரமே சூடு பிடிக்கும், இரவு பதினோரு மணி வரை ஷட்டர் இறங்காது. எங்கள் வேர்ஹவுஸில் காலை ஐந்தரைக்கு ஷிஃப்ட். டேக் கட்டியவருக்கு இரண்டும் ஆகாது. காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிற, ஒரே ஆள் நிற்கிற சாவிக் கடைக்குள் அந்த வாழ்க்கை எப்படி அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறது பாருங்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் ஒருவன் உள்ளே போனால் அவன் "வெளியூர் போயிருக்கிறான்". வந்ததும் மாமாவோ சித்தப்பாவோ கடையில் நிற்க வைப்பார்கள். அது நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பே ஸ்லிப் இருக்காது, கையில் காசு, அதுவும் மற்றவர்களுக்குக் கொடுப்பதை விடக் குறைவாக, மூன்று வருடம் கழித்து அவன் வேறு வேலைக்குப் போகலாம் என்று நினைத்தால் காட்டுவதற்கு ஒரு தாள் கிடையாது. உனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்ற வார்த்தை வேறு வாரம் ஒரு தடவை விழும். இப்படி ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும், இன்னும் அதே கடையின் பின்னறையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

ஜேம்ஸ் டிம்ப்சனை 2024 ஜூலையில் இங்கே சிறைத்துறை அமைச்சராகவே ஆக்கிவிட்டார்கள். வந்ததுமே சிறைகள் நிரம்பி வழிந்த தலைவலி, செப்டம்பர் 10-ஆம் தேதி ஒரே நாளில் சுமார் 1,700 பேரை முன்கூட்டியே வெளியே விட வேண்டியிருந்தது. டிவியில் சிறை வாசலில் கேமரா வைத்து யார் பாட்டில் உடைக்கிறார்கள் என்று காட்டினார்கள். அந்த 1,700 பேரில் எத்தனை பேருக்கு மறுநாள் காலை போக ஒரு கடை இருந்தது என்று எந்தச் சேனலும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கடை நடத்துவது வேறு, துறை நடத்துவது வேறு, அமைச்சராக அவர் எப்படி என்பது இந்த விமர்சனத்துக்குள் வராது.

விமர்சனம் என்று ஆரம்பித்தேன், அதை முடிக்கிறேன். சாவிக்கு ஐந்துக்கு ஐந்து, மூன்று மாதம் ஆகிறது, இரண்டும் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகின்றன. ஷூ ஹீல் இன்னும் தேயவில்லை, ஐந்துக்கு நாலரை. பெல்ட் ஓட்டைக்கு மார்க் போட முடியாது, அதை நான் தீபாவளிக்கு அப்புறம் பயன்படுத்தவில்லை. விலை? மலிவு என்று சொல்ல மாட்டேன், போர்டைப் பார்த்ததும் ஊர்க் கணக்கில் ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள், மயக்கம் வரும். ஆனால் மலிவாகப் போட்டு ஒரு மாதம் வாசலில் நின்றதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பூட்டுச் சாவி வைத்திருப்பவர்கள் பூட்டோடு தந்த அட்டையையும் எடுத்துப் போங்கள், பொதுவாக அது இல்லாமல் பிரதி போட மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிற நேரம் வருகிறது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, ஆளைப் பார்த்துப் பேசிப் பிடித்தபின் கேட்கலாமா என்று எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும், இருந்தாலும் அடுத்த மீட்டிங்கில் மறுபடி கேட்கப் போகிறேன்.

மனைவியிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன், சாவி போட்டவர் யார் என்று. சமையலறையில் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பூட்டை மாத்திடலாமா?" என்றாள். மாற்றினால் புதுப் பூட்டுக்கும் மூன்று சாவி போட வேண்டும், அதற்கும் அவரிடம்தான் போவேன் என்றேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பார்த்தால், அவளுடைய பழைய சாவி மேஜை டிராயரில் கிடந்தது, புதிதாகப் போட்ட சாவி ஒன்று அவள் கைப்பைக்குப் போயிருந்தது. கேட்டதற்கு, பழையது கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புகிறதாம்.